ஒப்பளவு வினாக்களும் நால்வகை விடையும்

வினாவும் விடையும் பற்றிய ஆராய்ச்சி தமிழ் நூலார்க்குப் புதியதன்று. செப்பும் வினாவும் வழுவாமற் காக்கப்பட வேண்டுமெனத் தொல்காப்பியர் கிளவியாக்கத்துள் விதித்தார். நன்னூலார் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் பகுத்துரைத்தார். மணிமேகலையின் இறுதிக் காதை வினாவிற்கு விடையிறுக்கும் முறைமை நான்கென வகுத்து, ஒவ்வொன்றிற்கும் எடுத்துக்காட்டும் தந்தது. இவ்வகுப்புக்கள் சொல்லாராய்ச்சிக்கும் சமயவாதத்திற்கும் மட்டுமே பயன்படுவன என்று கருதுவார் பலர். அவை தோன்றிய காலத்துக்கும் இடத்துக்கும் மிகச் சேய்த்தான ஒரு பனுவலை அவற்றால் அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அப்பனுவலாவது, அமெரிக்கப் பல்கலைக் கழகங்களிற் பட்டமேற்படிப்புக்குச் செல்வோர் எழுதும் ஜி. ஆர். இ. பொதுத் தேர்வின் கணக்குப் பகுதியும், அதன் பொருட்டு மாணவர் நாடோறும் செய்து பழகும் பயிற்சிக் கணக்குகளும் ஆம்.

கணக்குத் தேர்வைப் பனுவல் என்றல் பொருந்துமோ எனின், பொருந்தும். இத்தேர்விற் கேட்கப்படும் கணக்குகள் உயர்நிலைப் பள்ளி அளவினவே. எண்கணிதம், இயற்கணிதம், வடிவியல், தரவுகளை ஆய்தல் என்னும் நான்கனுள் அவை அடங்கும். திரிகோணமிதியும் நுண்கணிதமும் கேட்கப்படா. பொறியியலிற் பட்டம் பெற்றவனும் இயற்பியலில் முதுகலை முடித்தவனும் இவற்றில் இடறுகின்றான் என்றால், அவன் இடறுவது கணக்கில் அன்று, வாசகத்தில் என்பது வெளிப்படை. வாசகத்தைப் பற்றிப் பேசுதல் எம் துறைக்கு உரியது.

தேர்வின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம். 1936-இல் கார்னெகி அறக்கட்டளையும் நான்கு பல்கலைக் கழகங்களின் பட்டமேற்படிப்புத் தலைவர்களும் கூடித் தொடங்கிய சோதனை முயற்சி இது. 1937-இல் கொலம்பியா, ஹார்வர்டு, பிரின்ஸ்டன், யேல் ஆகிய நான்கிலும் முதன்முதல் நடைபெற்றது. 1947-இல் நிறுவப்பெற்ற எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ் என்னும் நிறுவனம் இன்று இதனை நடத்துகின்றது. 2011-இல் தேர்வின் அமைப்புப் பெரிதும் மாற்றப்பட்டது; கணக்குப் பகுதிக்குத் திரையிலேயே ஒரு கணிப்பான் கொடுக்கப்பட்டது; மதிப்பெண் 130 முதல் 170 வரை என ஆயிற்று. 2023 செப்டம்பரில் தேர்வு சுருக்கப்பட்டபின், கணக்கில் 27 வினாக்களுக்கு 47 நிமிடங்கள். ஒரு வினாவுக்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் நிமிடம் என்க. பிழையான விடைக்கு மதிப்பெண் குறைத்தல் இல்லை. 2020-க்குப் பின் பல துறைகள் இத்தேர்வை வேண்டுவதைக் கைவிட்டன. எனினும் வேண்டும் துறைகளும் உள, எழுதுவாரும் உளர்.

நன்னூலார் கூறிய ஆறு வினாக்களுள் தேர்வு வினா எதுவெனின், அறிவினா என்பது ஒருதலை. விடையைத் தான் அறிந்துவைத்தே பிறன் அறிவானோ என்று ஆசிரியன் வினாவுவது அது. இதில் ஒரு நுட்பம் உண்டு. அறியாது வினாவுவான் தன் வினாவில் வேண்டாத சொல்லையும் பெய்வான், வேண்டிய சொல்லை விடுத்தலும் செய்வான். அறிந்து வினாவுவான் வாசகத்தில் ஒரு சொல்லும் வெற்றெனத் தொடுக்கப்படுவதில்லை. இல்லாத சொல்லும் கருதியே விடுக்கப்பட்டதாகும். ஆகவே தேர்வு வினாவைச் சூத்திரம் போற் படித்தல் வேண்டும். நம் மாணவர் அதனைச் செய்தித்தாள் போற் படிக்கின்றனர்.

வினாக்களுள் எம் ஆராய்ச்சிக்கு மிகவும் இடந்தருவது ஒப்பளவு வினா என யாம் பெயரிட்டு வழங்கும் வகை. அதன்கண் முதல் அளவு, இரண்டாம் அளவு என இரண்டு தரப்படும். முதலது பெரிது, இரண்டாவது பெரிது, இரண்டும் சமம், தரப்பட்ட செய்தி கொண்டு வரையறுத்தல் இயலாது என விடைகள் நான்கு. வினா எதுவாயினும் இந்நான்கும் மாறுவதில்லை. முதன் மூன்றும் எளியன. நான்காவதே மாணவரைக் கெடுப்பது. ஆராய்வார்க்கு விருந்தாவதும் அதுவே.

மணிமேகலை கூறும் நால்வகை இறுப்பினை ஈண்டு நினைவு கூர்வாம். தோன்றிய பொருள் அழியுமோ என்றார்க்கு அழியும் என்று ஒருதலையாகக் கூறுதல் துணிந்து சொல்லல். இறந்தவன் மீண்டும் பிறப்பானோ என்றார்க்கு, அவன் பற்றற்றவனோ அல்லனோ எனப் பகுத்துரைத்தல் கூறிட்டு மொழிதல். முட்டை முந்தியதோ பனை முந்தியதோ என்றார்க்கு, எந்த முட்டைக்கு எந்தப் பனை என்று மீள வினாவுதல் வினாவின் விடுத்தல். வானத்துப் பூ பழையதோ புதியதோ என்றார்க்கு மறுமொழி கூறாதிருத்தல் வாய்வாளாமை.

நான்காம் விடையாகிய 'வரையறுத்தல் இயலாது' என்பது இவற்றுள் எதன்பாற்படும்? எம் மாணவர் பலரும், பயிற்சி நூல் எழுதுவோருட் சிலரும், அதனை வாய்வாளாமை என்றே கொள்கின்றனர். கணக்குப் புலப்படாத இடத்து அதனைத் தெரிந்தெடுக்கின்றனர். எம் கருத்து அதுவன்று. அது கூறிட்டு மொழிதலின் பாற்பட்டது.

காட்டுவாம். x என்பது மிகை எண் எனக் கொள்க. முதல் அளவு x-இன் வருக்கம். இரண்டாம் அளவு x. இவற்றுட் பெரியது எது? x என்பது 2 ஆயின் முதலது 4, இரண்டாவது 2, முதலது பெரிது. x என்பது அரையாயின் முதலது கால், இரண்டாவது அரை, இரண்டாவது பெரிது. ஆகவே விடை நான்காவது. இவ்விடையைக் கூறுவான் அறியாமையால் மௌனம் சாதித்தான் அல்லன். ஒன்றின் மிக்க எண்ணோ, ஒன்றிற் குறைந்த பின்னமோ, ஒன்றேயோ எனக் கூறிட்டு, ஒவ்வொரு கூற்றிற்கும் விடை வேறாதலைக் கண்டு, பின்னரே வரையறை இல்லை என்றான். இறந்தவன் பிறப்பானோ என்னும் வினாவுக்குப் பௌத்த ஆசிரியர் செய்ததும் இதுவே.

இனி, அவ்வாசகத்தில் ஒரு சொல்லை மாற்றுவாம். x என்பது மிகை முழு எண் என்க. பின்னம் நீங்கியது. ஆயினும் x என்பது 1 ஆயின் இரண்டும் சமம். 2 ஆயின் முதலது பெரிது. விடை இன்னும் நான்காவதே. x என்பது ஒன்றின் மிக்கது என்க. இப்பொழுதுதான் விடை துணிந்து சொல்லலாயிற்று: முதலது பெரிது. மூன்று வாசகங்களுக்கும் வேற்றுமை ஓரிரு சொற்களே. முதல் வாசகத்திற்கும் இரண்டாவதற்கும் விடை ஒன்றாயினும், விடைக்குக் காரணம் வேறு. இக்காரண வேறுபாட்டைக் காணாதவன் மூன்றாவதில் தவறுதல் உறுதி.

வாய்வாளாமைக் கொள்கை எத்துணைப் பிழைபட்டது என்பதற்கு மற்றொரு காட்டு. முதல் அளவு: 2-இன் முப்பதாம் அடுக்கு. இரண்டாம் அளவு: 3-இன் இருபதாம் அடுக்கு. திரையிலுள்ள கணிப்பான் எட்டு இலக்கங்களுக்கு மேற் காட்டாது. இவ்விரண்டு எண்களோ பத்திலக்கத்தன. கணிப்பான் கைவிட்டமை கண்ட மாணவன் 'இயலாது' என்று குறித்துவிடுகின்றான். ஈண்டு இயலாமை அவனுடையது, அளவுகளுடையது அன்று. இரண்டும் நிலைபெற்ற எண்கள். நிலைபெற்ற ஓரெண் மற்றோரெண்ணின் பெரிதாகவோ சிறிதாகவோ சமமாகவோ இருந்தே தீரும். நாலாவதொரு நிலை அதற்கில்லை. முன்னது 8-இன் பத்தாம் அடுக்கு, பின்னது 9-இன் பத்தாம் அடுக்கு என மாற்றி நோக்கின் பின்னது பெரிதென்பது கணிப்பான் இன்றியே விளங்கும். அறியா எண் எதுவும் இல்லாத வினாவிற்கு நான்காம் விடை வாராது என்னும் விதி பயிற்சி நூல்களிற் குறுக்குவழியாகச் சொல்லப்படுகின்றது. அது குறுக்குவழி அன்று. நம்மால் அறியப்படாமையும் பொருள் வரையறைப்படாமையும் வேறு என்னும் அளவை நூற் கொள்கையே அது. காரணம் கூறாமற் கற்பிப்பதால் அது தந்திரம் போல இழிவுற்றது.

இதன் மறுதலையும் உண்டு. எண் எதுவும் தரப்படாத இடத்து விடை வரையறைப்படும். ஒரு பொருளின் விலை நூற்றுக்கு 20 உயர்த்தப்பட்டுப் பின் நூற்றுக்கு 20 குறைக்கப்பட்டது; முதல் அளவு இறுதி விலை, இரண்டாம் அளவு தொடக்க விலை. விலை இன்னதெனத் தெரியாதபோது எங்ஙனம் ஒப்பிடுவது என்பார் உளர். சமம் என்பார் அவரினும் பலர். இவ்விடத்துத் துணை செய்வது வினாவின் விடுத்தல். நூற்றுக்கு இருபது என்றால் எந்த நூற்றுக்கு? எந்த முட்டைக்கு எந்தப் பனை என்று கேட்டது போலவே கேட்க. உயர்த்தியது பழைய விலையில் இருபது. குறைத்தது உயர்ந்த விலையில் இருபது. நூறு நூற்றிருபது ஆகி, நூற்றிருபதில் இருபத்து நான்கு கழிந்து, தொண்ணூற்றாறாக நின்றது. எவ்விலைக்கும் இவ்வீதமே ஆதலின், இரண்டாவது பெரிது என்று துணிந்து சொல்லலாம்.

எடுத்துக்காட்டின் வலியைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். மாணவர் x-க்கு 2, 3, 5 என எண்களை இட்டுப் பார்த்து, மூன்றிடத்தும் முதலது பெரிதாதலின் எவ்விடத்தும் அதுவே பெரிதென முடிவு கட்டுகின்றனர். நான்காம் விடையை நிறுவ மாறுபட்ட எடுத்துக்காட்டு இரண்டு போதும். முதன் மூன்றனுள் ஒன்றை நிறுவவோ எடுத்துக்காட்டு நூறும் போதா, பொதுக் காரணம் வேண்டும். ஏதுவின்றித் திட்டாந்தம் மட்டும் பக்கத்தை நிலைநாட்டாது என்பதை நம் அளவை நூலார் அறிவர். எண்ணை இட்டுப் பார்த்தல் மறுத்தற்குக் கருவி, நிறுவுதற்கு அன்று.

யாமே தவறியதொரு வினாவையும் கூறுதல் நேர்மையாகும். முதுகலை மாணவர் சிலரொடு அமர்ந்து பயிற்சிக் கணக்குகளைச் செய்து பார்த்தகாலை, x குறை எண் அன்று என்னும் குறிப்பின்கீழ் 3x, 2x என்னும் இரண்டையும் ஒப்பிட நேர்ந்தது. முதலது பெரிதென யாம் தயங்காது கூறினேம். மாணவி ஒருத்தி, "ஐயா, சுழியம் குறை எண் இல்லையே" என்றாள். x சுழியமாயின் இரண்டும் சமம்; ஆகவே விடை நான்காவது. கரியன் அல்லன் என்றமையால் வெளியன் என்பது பெறப்படாது என்று வகுப்பிற் பல்லாண்டு சொல்லி வந்த யாம், குறை எண் அன்று என்றமையால் மிகை எண் என்று கொண்டோம். எதிர்மறையின் எல்லையை இலக்கணத்தில் அறிந்தவன் கணக்கில் மறப்பது எளிது.

எல்லை என்றமையால் மற்றொன்று. 11 முதல் 34 வரையுள்ள முழு எண்கள் எத்தனை, இரண்டும் உளப்பட, என்று கேட்டால் 23 என்பார் பலர். விடை 24. ஆங்கில வாசகத்தில் 'உளப்பட' என்னும் பொருள்பட வரும் ஒற்றைச் சொல்லைக் கண் தாவிச் செல்கின்றது. தமிழில் 'வரை' என்பது எல்லைப் பொருளை உளப்படுத்தியும் விலக்கியும் வருதலின் நமக்கு இவ்விடத்து இடர் சற்று மிகுதி போலும்.

இனிப் பொய்விடைகளைப் பற்றி. ஒரு விடுதி மாணவருள் மூன்றில் ஒரு பங்கினர் ஊருக்குச் சென்றனர். எஞ்சியோருட் காற்பங்கினர் நூலகம் சென்றனர். 30 பேர் விடுதியில் உள்ளனர். மொத்தம் எத்தனை பேர்? எஞ்சியோர் மூன்றில் இரு பங்கு, அதிற் கால் ஆறில் ஒன்று, ஆகச் சென்றோர் பாதி, நின்றோர் பாதி, மொத்தம் 60. 'எஞ்சியோருள்' என்பதை விடுத்து மொத்தத்திற் கால் எனக் கொண்டால், சென்றோர் பன்னிரண்டில் ஏழு, நின்றோர் பன்னிரண்டில் ஐந்து, மொத்தம் 72 என வரும். 72 என்பது பின்னமின்றித் தூய்தாக வந்தமையால் ஐயமும் எழாது. நல்ல வினாசிரியன் விடைப்பட்டியலில் 72-ஐ வைத்தே இருப்பான். அது வாளா இடப்பட்ட எண் அன்று. பிழைபடப் படித்தவன் சென்றடையும் இடத்தை முன்னரே அறிந்து இடப்பட்டது. சுவடிகளில் தவறான பாடம் எவ்வாறு பொருத்தமுடையது போலத் தோன்றி நிலைபெறுகின்றதோ அவ்வாறே இதுவும். பாடபேதத்தை ஆராய்வார், பிழைப்பாடம் பிறந்த வழியைக் காணாமல் அதனை விலக்குவதில்லை.

இவ்விடத்தேதான் பயிற்சி நூல்களின் விளக்கங்கள் குறைபடுகின்றன. நன்னூலார் காண்டிகையுரைக்குக் கருத்து, பதப்பொருள், காட்டு என்பவற்றொடு வினாவும் விடையும் வேண்டுமென்றார். யாம் கண்ட விளக்கங்களுட் பல, விடை இஃது, அதனை அடையும் படிகள் இவை என்ற அளவில் நின்றுவிடுகின்றன. பதப்பொருள் இல்லை; தடைவிடை இல்லை. 72 என்று விடை கொண்டவன் 60-க்குரிய படிகளைப் படித்து, 'சரி, அப்படித்தான்' என்று தலையசைத்து அடுத்ததற்குச் செல்கின்றான். தன் பிழை எச்சொல்லிற் பிறந்தது என்பதை அவன் அறியான். ஆயிரம் கணக்குச் செய்தும் மதிப்பெண் உயராமை பற்றி வருந்தும் மாணவர்க்கு நேர்ந்தது பெரும்பாலும் இதுவே. அவர்கள் ஆயிரம் விடைகளைப் படித்தனர். ஆயிரம் வினாக்களைப் படித்தாரல்லர்.

காரணம் கூறாது விதி மட்டும் கூறும் வழக்கம் நம்மிடத்தும் இருந்தது என்பதை மறைத்தல் வேண்டா. காரிநாயனாரின் கணக்கதிகாரம் பலாப்பழத்தை அறுக்காமலே சுளையின் எண்ணிக்கையை அறியும் வழியொன்று கூறுகின்றது: காம்பைச் சூழ்ந்த சிறு முட்களை எண்ணி, ஆறாற் பெருக்கி, ஐந்தால் வகுக்க என்பது. ஏன் ஆறு, ஏன் ஐந்து என்பதற்கு விடையில்லை. செய்யுளின் இன்பம் அவ்வினாவை எழவொட்டாமற் செய்துவிடுகின்றது. பயிற்சி நூலின் குறுக்குவழிக்குச் செய்யுளின்பமும் இல்லை. மற்று, திண்ணைப் பள்ளியில் எண்சுவடி கற்ற சிறுவனுக்குக் கீழ்வாயிலக்கம் நாவிற் பதிந்திருந்தது. அரையை அரையாற் பெருக்கக் கால் என்பது அவனுக்கு வாய்பாடு. பெருக்கினால் எண் மிகும் என்னும் மயக்கம், இன்றைய பட்டதாரிக்கு உள்ள அளவு, அவனுக்கு இருந்திராது என்று யாம் எண்ணுகின்றோம். இது எம் ஊகமே.

இத்தேர்வு முறையின் மீதும் எமக்கொரு குறை உண்டு. நான்காம் விடையைக் கூறிட்டறிந்து குறித்தவனும், கணக்குப் புலப்படாமற் குறித்தவனும், திரையில் ஒரே இடத்தைத்தான் தொடுகின்றனர். அறிவும் அறியாமையும் ஓர் அடையாளத்தில் வந்து முடிகின்றன. பிழைக்குக் குறைப்பு இன்மையின் ஊகித்தலும் தடுக்கப்படவில்லை. முதன் மூன்று விடைகளுக்கும் இக்குறை உண்டாயினும், ஆங்கு அறியாதவன் மூன்றனுள் ஒன்றை ஊகித்தல் வேண்டும். நான்காவதோ அறியாதவன் இயல்பாகவே சென்று தங்கும் இல்லம். வினாசிரியர் இதனை அறிவர் போலும். விடை புலப்படாதது போலத் தோன்றி உண்மையில் வரையறைப்படும் வினாக்களை அவர் இடையிடையே வைப்பது அதனால் ஆகலாம். ஆயினும் கூறிட்டு மொழிந்தவன் தன் கூறுகளைக் காட்ட அத்தேர்வில் இடமில்லை. பிறப்பானோ என்ற வினாவுக்குப் பகுத்துரைத்த ஆசிரியன், பகுத்தமையைக் கூறாது 'வரையறுத்தல் இயலாது' என்று மட்டும் சொல்லியிருப்பின், கேட்டவன் அவனை அறியாதான் என்றே கருதியிருப்பான்.

இக்குறைக்குத் தேர்வில் மருந்து காணல் நம் கையில் இல்லை, பயிற்சியிற் காணலாம். எம்மொடு பயின்ற மாணவர்க்கு யாம் ஒரு கட்டுப்பாடு விதித்தோம். நான்காம் விடை குறிப்பவர் பக்கத்தில் மாறுபட்ட இரண்டு எண்களை எழுதுதல் வேண்டும். எழுத இயலாதவர் அவ்விடையைக் குறித்தல் கூடாது. முதன் மூன்றனுள் ஒன்றைக் குறிப்பவர் 'எவ்விடத்தும்' என்று தொடங்கும் ஒரு வாக்கியம் எழுதுதல் வேண்டும். வேகம் முதலிற் குறைந்தது. காலம் போதாது என்ற முறையீடும் எழுந்தது. ஒன்றே முக்கால் நிமிடத்தில் உரையெழுதுதல் எங்ஙனம் என்றனர். அது நேரிய தடையே. தேர்வறையில் எழுத வேண்டா, எழுதிப் பழகியவனுக்கு எழுதாமலே தோன்றும் என்று விடை கூறினோம். அவ்விடை அவர்க்கு முற்றும் உடன்பாடாயிற்று என்று கூறமாட்டோம்.

மேற்காட்டிய முதல் வினாவிற்குக் காண்டிகை எழுதினால் எங்ஙனம் அமையும் என்பதற்கு, அம்மாணவருள் ஒருவர் எழுதி யாம் திருத்திய உரையைத் தருவாம். ஓரெண்ணையும் அதன் வருக்கத்தையும் ஒப்பிடுமாறு கூறிற்று என்பது கருத்து. மிகை எண்ணாவது சுழியத்தின் மிக்க எவ்வெண்ணும்; முழு எண் என்னாமையின் பின்னமும் அடங்கும் என்பது பதப்பொருள். இரண்டும் அரையும் காட்டு. தன்னைத் தன்னாற் பெருக்கின் எண் மிகும் அன்றோ எனின், அற்றன்று. ஒன்றின் மிக்கவற்றிற்கே அஃது ஒக்கும், அரையில் அரை காலாதலின் என்பது வினாவும் விடையும்.

பல விடைகளுள் பொருந்துவன அனைத்தையும் தெரிந்தெடுக்குமாறு வேண்டும் வினாவகை ஒன்றும் இத்தேர்வில் உண்டு. ஒன்று விடுபடினும் ஒன்று மிகினும் மதிப்பெண் முழுதும் போம். குன்றக் கூறலையும் மிகைபடக் கூறலையும் ஒப்பக் குற்றமெனக் கொள்ளும் அவ்வகை, உம்மைப் பொருளோடு இயைத்துத் தனியே ஆராயத்தக்கது.